நியமகிரி சொன்ன பதில்

மலைவாழ் மக்கள் மறுத்தால் சுரங்கம் நின்றுவிடுமா? பொருளாதாரம் என்னாவது? – ஒரு வாசகர், தருமபுரி

நிற்கும், நின்றும் இருக்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வெட்டும் விவகாரத்தை, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் முன் வைக்க, அம்மலை தங்கள் தெய்வமான நியமராஜா வாசம் செய்யும் ஸ்தலமென்று கூறி 12 சபைகளும் மறுத்துவிட்டன. மறு ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை நிராகரித்தது.

பொருளாதாரம் குலைந்துவிடவில்லை. அடிவாரத்து லாஞ்சிகர் அலுமினா ஆலை வேற்றிடத் தாதுவைக் கொண்டு நடக்கிறது. மழைநீரை உள்வாங்கி ஓடைகளாய்க் கசியவிடும் அம்மலையின் சரிவுகளில் டோங்கிரியா கொந்தர் பழங்குடியினர் விளைவிக்கும் அன்னாசியும் மஞ்சளும் சந்தைக்கு வருகின்றன. அதுவும் பொருளாதாரமே அன்றோ? தங்கள் பக்கத்து வனக் கிராமங்களில் இத்தகைய பேச்சு எழுமாயின், கிராம சபையைக் கூட்டித் தீர்மானத்தை எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.