படகிலும் கிணற்றடியிலும் கைகொடுக்கும் 13 குறிப்புகள்

கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் இருந்தாலும் சரி, கிணற்றை நம்பி வெள்ளாமை செய்யும் பெரம்பலூர் பக்கம் இருந்தாலும் சரி, தண்ணீரும் கயிறும் நமக்குப் புதுசில்லை. லீவு விட்டால் பிச்சாவரத்தில் மோட்டார் படகு ஏறப் பிள்ளைகள் துடிப்பார்கள். வீட்டில் சும்மா கிடக்கும் கயிறும் கேனும் ஓர் உயிரையே காப்பாற்றும். காசு செலவில்லாத சில யோசனைகள் இதோ, தோழிகளே!

1. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறிய பிறகு மாட்டாமல், கரையிலேயே மாட்டி எல்லாக் கிளிப்பையும் போட்டுவிடுங்க. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்க. காது வரை ஏறி வந்தால் லூஸ். வாரை இறுக்குங்க, இல்லையென்றால் சின்ன சைஸ் கேட்டு வாங்குங்க.

2. புடவை கட்டியிருந்தால் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு, அதன்மேல் ஜாக்கெட்டைப் போடுங்க. துப்பட்டா, துண்டு எதுவும் இன்ஜின் பக்கம் தொங்கக் கூடாது. சுழலும் பாகத்தில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

3. ஏறும்போது ஓரத்தில் மிதிக்காமல் நடுவில் கால் வைத்து, குனிந்தபடியே போய் உட்காருங்க. செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகும் சாயும். ஆள் கூடிவிட்டால், காத்திருந்து அடுத்த நடையில் போங்க.

4. போன், சாவி, பணம் மூன்றையும் ஜிப் கவரில் போட்டு, கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு மூடுங்க. தவறி விழுந்தாலும் மிதக்கும், எடுத்துவிடலாம். கிளம்பும் முன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்க.

5. காலியான 5 லிட்டர் எண்ணெய் கேனைத் தூக்கிப் போடாதீங்க. மூடியை இறுக்கினால் அது தண்ணீரில் ஏறக்குறைய 5 கிலோ பாரத்தைத் தாங்கும். தத்தளிப்பவர் தலையை மேலே வைத்திருக்க அது போதும். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே விட்டு, கைப்பிடியில் நீளக் கயிறு கட்டி வையுங்க. காற்றடித்தாலும் எறிந்த இடத்துக்குப் போகும்.

6. ஆளைத் தூக்கச் சுருக்கு முடிச்சு ஆகவே ஆகாது. பாரம் ஏற ஏற உடம்பை இறுக்கும். 'போலைன்' முடிச்சு இறுகாது, பிறகு சுலபமாக அவிழ்க்கவும் வரும். நுனிப்பக்கம் மேலே வருகிற மாதிரி சின்ன வளையம் போட்டு, நுனியைக் கீழிருந்து அதற்குள் ஏற்றி, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் இறக்கி இழுங்க. கிணற்றில் விழுந்தவரிடம் இந்தக் கண்ணியை அக்குளுக்கு அடியில் மாட்டச் சொல்லலாம்.

7. படகைக் கம்பத்தில் கட்ட, ஒரு சுற்று சுற்றி, குறுக்கே மேலேறி இன்னொரு சுற்று சுற்றி, அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் நுனியை விட்டு இழுங்க. நைலான் கயிறு வழுக்கும். அதனால் நுனியை நீளக் கயிற்றோடு மேலும் இரண்டு முறை முடியுங்க. ஆட்டை முளையில் கட்டவும், கொடிக்கயிறு கட்டவும் இதுவே உதவும்.

8. நைலான் கயிற்றின் நுனி பிரிந்தால் மெழுகுவர்த்தியில் லேசாக உருக்குங்க. தேங்காய்நார்க் கயிறென்றால் நூலால் இறுக்கிச் சுற்றுங்க. காயப்போடுவது நிழலில்தான், வெயிலில் கிடந்தால் நைலான் சீக்கிரம் பலம் இழந்துவிடும்.

9. மாதம் ஒருமுறை கிணற்றுக் கயிற்றின் புரியைப் பிரித்துப் பாருங்க. உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்தால் பாரம் தூக்க லாயக்கில்லை. துணி காயப்போடும் கொடியாக்கிவிடுங்க.

10. வீட்டில் யாராவது இன்ஜின் படகு ஓட்டினால், பெட்ரோலை மூன்று பங்காகக் கணக்கு வைக்கச் சொல்லுங்க: போக ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று. கரை சேரும்போது வேகத்தைக் குறைத்து, முகப்பை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினால் படகு சொன்னபடி கேட்கும். இன்ஜினை நிறுத்தும் கயிறு இருந்தால் ஓட்டுபவர் அதை மணிக்கட்டில் மாட்டியே ஆக வேண்டும்.

11. மேட்டூர் 120 அடியை நெருங்குகிறது என்று செய்தி வந்தால், காதைத் தீட்டிக்கொள்ளுங்க. உபரி நீர் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில்தான் இறங்கும். அந்த நாட்களில், ஆடிப்பெருக்கே ஆனாலும், படையலைக் கரையிலேயே முடியுங்க. மணல் குழி எங்கே இருக்கிறதென்று மேலே தெரியாது. அரியலூர்ப் பக்கம் நீர் தேங்கிய பழைய சுண்ணாம்புக்கல் குழிகளிலும் பிள்ளைகளை இறங்க விடாதீங்க. செங்குத்தான கரையில் ஏறிவர வழி கிடைக்காது.

12. படகு கவிழ்ந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்க. கரை பக்கம்தானே என்று நீந்த ஆரம்பித்தால் களைப்புதான் மிஞ்சும். வெள்ளம் இழுத்தால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மிதங்க. நீங்கள் கரையில் இருந்தால் குதிக்காமல் கேனையோ கம்பையோ நீட்டிவிட்டு, 112-க்குப் பேசி, பக்கத்துப் பாலம் அல்லது படித்துறையின் பெயரைச் சொல்லுங்க.

13. முடிச்சைப் படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். கரண்ட் போன ராத்திரிகளில், இருட்டிலேயே யார் முதலில் போலைன் போடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்க. ஆபத்து நேரத்தில் யோசிக்காமலே கை அதைப் போட்டுவிடும்.