மணி அடிக்காத போன்

2018 நவம்பர் 16. விடிவதற்கு முன்பே கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. தென்னை மரங்கள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்தன. அதே புயல் வலுக் குறைந்து, நம் கேரளத்தின் வழியாகத்தான் அரபிக்கடலுக்குப் போனது.

வேதாரண்யத்தில் பிறந்து மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்ட ஓர் அக்கா நம் வகுப்புக்கு வருகிறார். அவர் ஒருநாள் கேட்டார்:

"கஜா அடித்தபோது அண்ணனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன், டீச்சர். மணியே அடிக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. போனுக்கு என்னதான் ஆச்சு?"

போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. டவருக்குத்தான் ஆனது. இரும்பில் உயரமாக நிற்கிறதே, அதுதான் டவர்.

டவர் வேலை செய்யக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதற்கு டீசல் வேண்டும். டீசல் வண்டி வர ரோடு வேண்டும். ரோட்டிலோ மரம் கிடக்கிறது! ஆகவே, போன் வேலையை முதலில் தொடங்குபவர் போன்காரர் அல்ல, மரம் அறுப்பவர்.

பல டவர்களுக்குக் கேபிள் போகிறது. அதன் உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள் உண்டு. அறுந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, இழையின் இரு முனைகளையும் சூடாக்கி ஒட்டுவார்கள். பொறுமையான வேலை.

டவர் வேலை செய்யத் தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசப் பார்ப்பார்கள். லைன் கிடைக்காது. அப்போது எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். பேசுவதற்கு, பேசி முடிக்கும்வரை லைன் வேண்டும். எஸ்.எம்.எஸ். மிகச் சிறியது. கொஞ்சம் வழி கிடைத்தாலும் போய்விடும். அண்ணன் போன் அணைந்திருந்தாலும், தபால் ஆபீசில் கடிதம் இருப்பது போல அது கம்பெனியில் காத்திருக்கும். நெடுநாள் காத்திருக்காது. அதற்குள் சிக்னல் வந்தால் அவரிடம் சேர்ந்துவிடும்.

"அன்று எனக்கு எழுதத் தெரியாதே, டீச்சர்" என்றார் அக்கா.

அன்றைய பாடத்தை மூடி வைத்தோம். அக்கா போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். 'ண்' கிடைக்கத்தான் நேரம் ஆனது. "அண்ணா நலமா? நாங்கள் நலம்" என்று எழுதி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது. "யார் எழுதித் தந்தது?" என்று அண்ணன் கேட்டிருந்தார்.

பயிற்சி

1. புயல் நேரத்தில் உறவினருக்கு அனுப்ப, ஐந்து சொற்களில் ஒரு செய்தி எழுதுங்கள்.

2. போன் அணைந்தால் அதிலுள்ள நம்பரைப் பார்க்க முடியாது. முக்கியமான மூன்று நம்பர்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.