தறி ஓயும் நேரத்தில் ஒரு கதை: எந்தப் பருவத்தில் எந்தப் புத்தகம்?



இந்த மாதப் பாடம் கணக்குப் பதிவேடு பற்றியோ கடன் திருப்பம் பற்றியோ இல்லை. கதைப் புத்தகம் பற்றியது. "கதையா? தார் சுத்தவே நேரம் பத்தல, இதுல கதைக்கு எங்கக்கா போறது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். முதலில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. அஞ்சாவது வரை படித்தவர். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் மறந்துபோன எழுத்தையெல்லாம் மறுபடி கற்றுக்கொண்டவர். கையெழுத்து அழகாகப் போடுவார். ஒரு முறை வெளியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார். பத்திரம் நாலு பக்கம். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டார். பணம் கைக்கு வந்தபோதுதான் பிடித்தம் எவ்வளவு என்று தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கட்டாவிட்டால் அதற்கும் இவர்தான் பொறுப்பு என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. எல்லாம் அந்தப் பத்திரத்தில் தமிழிலேயே இருந்தது.

"ஏன்க்கா படிக்கல?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. "எழுத்து தெரியும் கண்ணு. ஆனா நாலு பேரு நிக்கும்போது எழுத்துக் கூட்டிக்கினு கெடக்க வெக்கமா இருந்திச்சி. போட்டுட்டேன்."

இதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். எழுத்து தெரிவது வேறு, சரளமாகப் படிப்பது வேறு. நாடா தள்ளத் தெரிந்தவுடன் யாரும் சேலை நெய்துவிடுவதில்லை. கை ஓட வேண்டும். படிப்பிலும் கண் ஓட வேண்டும். பத்திரத்தைப் படித்துப் பழகி யாருக்கும் கண் ஓடியதில்லை. அடுத்து என்ன ஆச்சு, அடுத்து என்ன ஆச்சு என்று நம்மை இழுத்துக்கொண்டு போகிற கதையைப் படித்தால்தான் ஓடும். அதனால்தான் சுவையான புத்தகமாக, அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றதாகச் சொல்லப் போகிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது தாண்டிய பல சகோதரிகள் "எனக்கு எழுத்து மறந்துபோச்சு" என்கிறார்கள். மறந்திருக்காது. வெள்ளெழுத்தாக இருக்கும். புத்தகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். தள்ளி வைத்தால் தெரிகிறது, கிட்டே வைத்தால் கலங்குகிறது என்றால் கண் பரிசோதனைக்குப் போங்கள். ஜரிகை இழையும் பட்டு இழையும் பார்த்துப் பார்த்து வேலை செய்கிற நமக்குக் கண்ணாடி ஆடம்பரம் இல்லை.

நமக்கென்று ஒரு பஞ்சாங்கம்

ஆரணி, முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கம் தறி வைத்திருக்கிறவர்களுக்கு வருஷம் எப்படி ஓடும் என்று தெரியும். முகூர்த்த மாதம் வந்தால் தூக்கம் இல்லை. தீபாவளிக்கு முன்னால் சோறு தின்ன நேரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்ட முடியாது, குழித்தறியில் ஈரம் ஏறும், வேலை தானாகக் குறையும். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இல்லை, கேட்பும் குறைவு. கைக்கு வேலை குறைகிற அந்த நாட்களில் கவலைதான் அதிகமாகும், எனக்குத் தெரியும். அந்தக் கவலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்கு கி. ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் கிராமத்து விவசாயி. மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், அங்கேயும் மழையைத்தான் வேடிக்கை பார்த்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டவர். அப்படிப்பட்டவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாட்டுப்புறக் கதைகளுக்காகப் பேராசிரியராக வைத்துக்கொண்டது! 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்திய அகாடமி விருது. 2021-ல் காலமானார். கிராமத்துக் கிழவர்களும் பாட்டிமார்களும் சொன்ன கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். எழுத்து நம் பேச்சு மாதிரியே இருக்கும். தெற்கத்திப் பேச்சு, முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் மக்கர் பண்ணும், அப்புறம் பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: அவர் சேர்த்த நாட்டுப்புறக் கதைகளில் சில, பிள்ளைகள் தூங்கின பிறகு படிக்க வேண்டியவை. எங்கள் குழுவில் அதைத்தான் முதலில் படித்தார்கள், அது வேறு விஷயம்.

மார்கழிக்குச் சிரிப்பு வேண்டும். பாக்கியம் ராமசாமி எழுதிய அப்புசாமி - சீதாப்பாட்டி கதைகள். உங்களில் சிலர் குமுதத்தில் பார்த்திருப்பீர்கள். தாத்தா அப்புசாமி எப்போதும் ஒரு வம்பில் மாட்டுவார். பாட்டி இங்கிலீஷ் பேசுவார், கையில் காசுக் கட்டுப்பாடு வைத்திருப்பார். அது மட்டும் இல்லை, பாட்டிகள் முன்னேற்றக் கழகம் என்று ஒரு சங்கம் வைத்து அதற்குத் தலைவியாகவும் இருப்பார். மகளிர் குழு என்ற பேச்சே நம் ஊருக்கு வராத காலத்தில் எழுதியது! கூட்டம், தீர்மானம், சந்தா, போட்டி சங்கம் எல்லாம் வரும். படித்துவிட்டு எங்கள் பிரதிநிதியை எல்லோரும் இரண்டு மாதம் "சீதாப்பாட்டி" என்றே கூப்பிட்டார்கள். அவரும் கோபப்படவில்லை.

சித்திரை, வைகாசி நமக்கு வேலைக்காலம். ஆனால் பிள்ளைகளுக்கு லீவு. இந்த மாதங்களில் பிள்ளை படிக்கட்டும், நாம் கேட்போம். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' புத்தகத்துக்கு 2020-ல் சாகித்திய அகாடமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. ஒரு மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசும். பிள்ளைகளிடம் பெரியவர்கள் தப்பாக நடந்தால் பயப்படாமல் எப்படி வெளியில் சொல்வது என்பதைக் கதையாகவே சொல்லிவிடும். நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற விஷயம். பொம்மை சொல்லும்போது தயக்கம் இல்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஆண் பிள்ளைக்கும் கொடுங்கள்.

அடுத்த வருஷம் 2021-ல் அதே விருது நம்ம வந்தவாசிக்கு வந்தது. அங்கே வசிக்கும் மு. முருகேஷ் எழுதிய 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை'. தலைப்பைப் பாருங்கள், மகள் சொல்ல அம்மா கேட்கிறாள். 2025-ல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' இந்த விருதைப் பெற்றது. புதுப் புத்தகம் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இதை வாங்கலாம்.

ஆடிக்கு நான் எடுத்து வைத்திருப்பது ஒரு ஆட்டுக் கதை. பெருமாள்முருகன் எழுதிய 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. 2016-ல் வந்தது. கூட்டமைப்பில் ஆட்டுக் கடன் வாங்கிய அத்தனை பேரும் படிக்க வேண்டிய புத்தகம் என்பேன். ஒரு வயதான தம்பதி. மழை இல்லாத மேட்டுக்காடு. எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய ஆள் ஒரு கருப்புப் பெண் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கைப்பிடி அளவுதான் குட்டி. கிழவி அதைப் பேத்தி போல வளர்க்கிறாள். அந்த ஊரில் ஆடு பிறந்தால் சர்க்காரிடம் பதிய வேண்டும், காது குத்தி அடையாளம் போட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். எங்கிருந்து வந்தது, தாய் ஆடு எது என்று அதிகாரி கேட்பார். கருப்பு ஆடு இருட்டில் தெரியாது, அதனால் கருப்பு ஆட்டின் மேல் சந்தேகம். அட, இது ஆட்டுக் கதையா நம்ம கதையா என்று எங்கள் குழுவில் ஒருத்தர் கேட்டார். ஆதார் அட்டையில் பெயர் பிழை திருத்த மூணு தடவை அலைந்தவர் அவர்.

பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும். அந்த இடத்தில் கிழவன் கிழவிக்கு வருகிற சந்தோஷமும், அதன் பிறகு தீவனத்துக்கு அவர்கள் படும் பாடும் வளர்த்தவர்களுக்குத்தான் புரியும். முடிவை நான் சொல்ல மாட்டேன். ஆடியில் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றி, கிடா வெட்டுகிற நேரத்தில் இதைப் படித்தோம். இரண்டு பேர் அந்த வாரம் கறி எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தார்கள்.

நம் தொழிலைப் பற்றியே ஒரு நாவல் உண்டா என்று கேட்டால், உண்டு. எம்.வி. வெங்கட்ராம் எழுதிய 'வேள்வித் தீ', 1975. கும்பகோணத்துக்காரர். ஜரிகை வியாபாரம் செய்தவர், பட்டு நெசவு உள்ளும் புறமும் தெரிந்தவர். 'காதுகள்' என்ற நாவலுக்கு 1993-ல் சாகித்திய அகாடமி விருது பெற்றார். 'வேள்வித் தீ' கண்ணன் என்ற சௌராஷ்டிர நெசவாளியின் கதை. சொந்தக் காலில் நிற்கப் பார்ப்பவன். மனைவி கௌசலை. நடுவில் ஹேமா என்ற இன்னொரு பெண் வருகிறாள். கூலிக் கவலையும் குடும்பமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பது நமக்குப் புதிதா என்ன? ஆனால் ஒன்று. மனதைக் கனக்க வைக்கும் புத்தகம். கேட்பு இல்லாமல் தறி நிற்கிற மாதத்தில் இதை எடுக்காதீர்கள். தை பிறந்து முகூர்த்த வேலை வந்து, கையில் நாலு காசு புழங்குகிறபோது எடுங்கள்.

சேர்ந்து படிப்பது

தனியாகப் படிக்கச் சொன்னால் பாதிப் பேர் படிக்க மாட்டோம். ஒருத்தர் படிக்க மற்றவர் கேட்பதுதான் நமக்குச் சரிப்படும். தறி அடிக்கிற சத்தத்தில் இது நடக்காது. ஆனால் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிற வேலை இருக்கிறதே, அது சத்தமில்லாத வேலை. கைதான் ஓடும், காது சும்மாதான் இருக்கும். அந்த நேரம் ஒருத்தர் உட்கார்ந்து படிக்கலாம்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. கியூபா என்று ஒரு நாடு. அங்கே சுருட்டுத் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டு சுற்றுவார்கள். 1865-லிருந்தே அங்கே வேலை நேரத்தில் மேடையில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாகச் செய்தித்தாளும் நாவலும் படிப்பது வழக்கம். அந்த ஆளுக்குத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து பணம் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய 'மான்டி கிறிஸ்டோ' என்ற பழிவாங்கும் கதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய், ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. சுருட்டுச் சுற்றும் கைக்கும் தார் சுற்றும் கைக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

எங்கள் குழுவில் முதல் நாள் படிக்க யாரும் முன்வரவில்லை. ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தியை உட்கார வைத்தோம். மூணாவது வாரம், மேலே நான் சொன்ன அந்த அக்கா, "குடு, ஒரு பக்கம் நான் படிக்கிறேன்" என்றார். திக்கித் திணறித்தான் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. கதையில் சிரிப்பு வந்த இடத்தில் மட்டும் சிரித்தோம்.

புத்தகத்துக்கு எங்கே போவது?

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. வீட்டு வரி கட்டும் ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி அது. பல வருஷமாக நாம் காசு கட்டி, நம்மில் பலர் ஒரு நாள் கூட உள்ளே போகாத இடம் நூலகம். சிறு வைப்புத் தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்டி உறுப்பினர் ஆனால் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வரலாம். நூலகம் வரை போக முடியாதவர்கள் வீட்டுக்குத் தன்னார்வலர்களே புத்தகம் கொண்டுவந்து தரும் 'நூலக நண்பர்கள்' திட்டத்தை 2022-ல் அரசு தொடங்கியது. உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று நூலகரைக் கேளுங்கள். கேட்கிற புத்தகம் இல்லையென்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், கூச்சப்பட வேண்டாம். 1931-லேயே மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன மாநிலம் இது.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பொங்கலை ஒட்டி சென்னையில் நடக்கும் புத்தகக் காட்சியில் புதுப் புத்தகங்கள் வரும். 2022-லிருந்து மாவட்டம்தோறும் அரசு புத்தகத் திருவிழா நடத்துகிறது, திருவண்ணாமலையிலும் நடக்கிறது. கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போகிற நாளோடு சேர்த்து ஒரு நடை போய் வரலாம். பன்னிரண்டு பேர் உள்ள குழுவில் ஆளுக்கு மாதம் 10 ரூபாய் போட்டால் மூன்று மாதத்தில் 360 ரூபாய். ஒரு நல்ல நாவல் வந்துவிடும். பக்கத்துக் குழு வேறு புத்தகம் வாங்கினால் மாற்றிக்கொள்ளலாம். சேமிப்புப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது தனிக் கணக்கு.

போன வருஷம் வங்கிக் கடனுக்குப் பத்திரம் வந்தது. ஊக்குநர் என்ற முறையில் நான்தான் வாங்கி எல்லோரிடமும் நீட்டினேன். அந்த அக்கா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "இரு கண்ணு, படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றார். இருபது நிமிஷம் ஆனது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, "இது இன்னா, காப்பீடுன்னு போட்டுக்கிது? நாம கேக்கலையே?" என்றார். நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. வங்கியில் கேட்டோம், விளக்கம் சொன்னார்கள், வேண்டாம் என்றவர்களுக்கு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

நடைமுறை எல்லாம் முடிந்த பிறகு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். கீழே உள்ளதைப் பேசுங்கள்.

நம் குழுவில் சரளமாகப் படிப்பவர் யார், எழுத்துக் கூட்டிப் படிப்பவர் யார், கண்ணாடி தேவைப்படுபவர் யார்? இந்தப் பருவத்தில் எந்த நாள், எந்த நேரம் வேலை ஓயும்? யார் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம்? முதல் புத்தகம் எது?

முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் எந்தப் பக்கம் வரை படித்தோம், யார் படித்தார் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் ஒவ்வொரு வாரமும் மாறட்டும்.