விர்ச்சுவல் மெஷின் வெளியே எதைத் தொடும்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது இன்று பெரிய வித்தை இல்லை. விர்ச்சுவல்பாக்ஸை இலவசமாக இறக்கி, விண்டோஸ் லேப்டாப்பிலேயே உபுண்டு போட்டுப் பழகும் மாணவர்கள் ஏராளம். வெளியே இருக்கிற நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். உள்ளே ஓடுவது கெஸ்ட். கெஸ்டுக்கான மெமரி, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாவற்றையும் மென்பொருளே உருவாக்கித் தருகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே எது போகும், எது போகாது என்பதில்தான் குழப்பம். ஒரு ஃபைலை உள்ளே கொண்டுபோக வழி தெரியாமல் தனக்குத் தானே மெயில் அனுப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. எந்த வைரஸையும் உள்ளே விட்டுப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது என்று துணிகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: கெஸ்ட் எதைத் தொடும் என்பதை அதன் அமைப்புகள் முடிவு செய்கின்றன. ஃபைலுக்கான வழி வேறு, நெட்வொர்க்குக்கான வழி வேறு. ஒன்றை அடைத்தால் மற்றது தானாக அடைபடாது.

நம்பிக்கை 1: உள்ளே என்ன நடந்தாலும் வெளியே உள்ள ஃபைல்களுக்கு ஆபத்தில்லை.

உண்மை: எந்த ஃபோல்டரையும் ஷேர் செய்யாதவரை பெரும்பாலும் சரி. ஷேர் செய்த நொடியிலிருந்து அந்த ஃபோல்டர் இரண்டுக்கும் பொது. அது நகல் கிடையாது. கெஸ்டில் அழித்தால் ஹோஸ்டிலும் அழியும். கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் ஷேர் ஃபோல்டர் அதற்கு நெட்வொர்க் டிரைவ் போலத்தான் தெரியும். அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது.

இதையே ஆயுதமாக்கியது ராக்னர் லாக்கர் என்ற ரான்சம்வேர் கும்பல். 2020 மே மாதம் சோஃபோஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தாக்குதலைப் படிப்படியாக விவரிக்கிறது. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் அட்மின் உரிமையோடு நுழைந்துவிட்டவர்கள், அங்குள்ள கம்ப்யூட்டரில் 2009-ஆம் ஆண்டின் பழைய விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்பு ஒன்றை ஓசையில்லாமல் நிறுவினார்கள். அதற்குள் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. ஹோஸ்டின் டிஸ்க்குகள், செருகியிருந்த டிரைவ்கள், நெட்வொர்க் டிரைவ்கள் என்று அகப்பட்ட எல்லாவற்றையும் அந்த எக்ஸ்பிக்கு ஷேர் ஃபோல்டர்களாகக் கொடுத்தார்கள். பிறகு உள்ளே இருந்தபடியே வெளியே உள்ள ஃபைல்களைப் பூட்டினார்கள். ஹோஸ்டில் இருந்த பாதுகாப்பு மென்பொருளின் கண்ணுக்கு, ஃபைல்களை மாற்றுவது நம்பிக்கைக்குரிய விர்ச்சுவல்பாக்ஸாகவே தெரிந்தது. வெறும் 49 கிலோபைட் ரான்சம்வேரை மறைக்க 282 மெகாபைட் டிஸ்க் இமேஜ்!

கவனிக்க வேண்டியது: இதில் விர்ச்சுவல்பாக்ஸின் சுவர் எதுவும் உடையவில்லை. ஷேர் ஃபோல்டர் எதற்காக இருக்கிறதோ, அந்த வேலையைத்தான் செய்தது.

விண்டோஸில் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-ம் ஒரு சிறிய விர்ச்சுவல் மெஷின்தான். அதில் சி டிரைவ், படிக்கவும் எழுதவும் திறந்த நிலையிலேயே வருகிறது. அங்கே தவறான இடத்தில் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை உங்கள் விண்டோஸ் ஃபைல்களைத் தின்றுவிடும்.

நம்பிக்கை 2: ஏதாவது ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

உண்மை: ஸ்னாப்ஷாட், கெஸ்டின் டிஸ்க்கையும் அதன் நிலையையும் மட்டுமே பழையபடி ஆக்கும். ஷேர் ஃபோல்டர் ஹோஸ்டுக்குச் சொந்தமானது. கெஸ்டை நேற்றைய நிலைக்குத் திருப்பினாலும், அந்த ஃபோல்டரில் இன்று அழிந்தது அழிந்ததுதான். அதற்குத் தனியாக பேக்கப் வேண்டும். படிக்க மட்டும் போதுமென்றால், ஷேர் செய்யும்போதே 'ரீட் ஒன்லி' என்பதை டிக் செய்துவிடுவது நல்லது.

நம்பிக்கை 3: ஃபோல்டரை ஷேர் செய்தும் உள்ளே திறக்கவில்லை என்றால் மென்பொருள் கோளாறு.

உண்மை: பெரும்பாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் ஷேர் ஃபோல்டர் தெரிய, கெஸ்டுக்குள் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவியிருக்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டில் இன்னொரு படியும் உண்டு: உங்கள் பயனர் கணக்கை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்கு ஃபோல்டர் கண்ணில் படும், ஆனால் 'அனுமதி இல்லை' என்று நிற்கும். ஹைப்பர்-வி-யில் இப்படிப்பட்ட ஷேர் ஃபோல்டர் வசதியே கிடையாது. அங்கே 'என்ஹான்ஸ்டு செஷன்' வழியாக டிரைவைக் காட்டலாம். அல்லது வழக்கமான நெட்வொர்க் ஷேரிங்தான்.

நம்பிக்கை 4: நாட் முறையில் இருந்தால் வீட்டு நெட்வொர்க்கிலிருந்து கெஸ்ட் துண்டிக்கப்பட்டிருக்கும்.

உண்மை: இதுதான் பலரையும் ஏமாற்றுவது. விர்ச்சுவல்பாக்ஸில் புதிய மெஷினுக்கு முதலில் கிடைக்கும் நெட்வொர்க் முறை நாட். கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி வரும். வெளியிலிருந்து யாரும் நேரடியாக அதை எட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் தடை ஒரு திசையில் மட்டுமே. கெஸ்ட் வெளியே போகலாம். இணையத்துக்கு மட்டுமல்லாமல், ஹோஸ்ட் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம். ரவுட்டரின் அட்மின் பக்கம், பிரின்டர், குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் எல்லாம் அதில் அடங்கும். மாடி போர்ஷனுக்குத் தனிப் பூட்டு போட்டு வாடகைக்கு விட்டாலும், வாடகைக்காரர் தெருவில் இறங்கி நடப்பதை அந்தப் பூட்டு தடுக்காது.

விண்டோஸ் 10-ல் 2019-இல் வந்த விண்டோஸ் சேண்ட்பாக்ஸுக்கும் இதே விதி. மூடினால் உள்ளே இருந்ததெல்லாம் மறைந்துவிடும் என்பது சரி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் இணைப்பு இயல்பாகவே திறந்திருக்கும்.

மற்ற முறைகளும் உண்டு. 'பிரிட்ஜ்டு' முறையில் கெஸ்ட், ரவுட்டரிடமிருந்து சொந்த முகவரி வாங்கிக்கொண்டு வீட்டில் இன்னொரு லேப்டாப் போலவே நடமாடும். 'ஹோஸ்ட் ஒன்லி' முறையில் ஹோஸ்டும் கெஸ்டும் மட்டும் பேசிக்கொள்ளும். விண்டோஸில் ஹோஸ்டின் முகவரி வழக்கமாக 192.168.56.1. 'இன்டர்னல் நெட்வொர்க்' முறையில் கெஸ்டுகள் தங்களுக்குள் மட்டும் பேசும், ஹோஸ்டுக்கே இடமில்லை.

நம்பிக்கை 5: ஹோஸ்டில் விபிஎன் போட்டால் கெஸ்டும் அதற்குள் வந்துவிடும்.

உண்மை: நாட் முறையில் பொதுவாக வரும். கெஸ்டின் போக்குவரத்தை ஹோஸ்டே தன் பெயரில் அனுப்புவதால், ஹோஸ்டின் பாதையே அதற்கும் பாதை. பிரிட்ஜ்டு முறையில் வராது. அங்கே கெஸ்ட் நேராக ரவுட்டரிடம் போகிறது. ஹோஸ்டில் போட்ட விபிஎன் அதை மூடாது. அலுவலக விபிஎன் இணைப்போடு வேலை செய்கிறவர்கள் இதன் மறுபக்கத்தையும் யோசிக்க வேண்டும்: நாட் முறையில் ஓடும் உங்கள் சோதனை மெஷின், நீங்கள் எதிர்பார்க்காமலே அலுவலக நெட்வொர்க்குக்குள் நிற்கலாம்.

நம்பிக்கை 6: லோக்கல்ஹோஸ்ட் என்றால் என் கம்ப்யூட்டர்தான், உள்ளிருந்தும் அதே.

உண்மை: கெஸ்டுக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது கெஸ்டையே குறிக்கும். லேப்டாப்பில் ஓடும் டேட்டாபேஸை உபுண்டு கெஸ்டிலிருந்து 127.0.0.1 என்று தேடினால் கிடைக்காததற்கு இதுதான் காரணம். விர்ச்சுவல்பாக்ஸின் நாட் முறையில் ஹோஸ்டைக் குறிப்பது 10.0.2.2. ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் இதே எண்தான். ஹோஸ்டின் லோக்கல்ஹோஸ்டை இந்த வழியில் எட்ட அனுமதிப்பதா என்பதற்கு, விர்ச்சுவல்பாக்ஸின் புதிய பதிப்புகளில் தனி அமைப்பே இருக்கிறது. எதிர்த் திசையில் வர போர்ட் ஃபார்வர்டிங் வேண்டும். ஹோஸ்டின் 2222-ஐ கெஸ்டின் 22-க்குத் திருப்பிவிட்டு எஸ்எஸ்எச் செய்வது வழக்கமான முறை.

இங்கே ஒரு துணை நம்பிக்கையும் உண்டு: பிங் போகவில்லை என்றால் இணைப்பே இல்லை என்பது. விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கைப் பல நேரங்களில் இயல்பாகவே தடுத்துவிடும். பிங் ஊமையாக இருக்கும்போதே வெப் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லலாம். தேவையான போர்ட்டையே நேரடியாகச் சோதித்துப் பாருங்கள்.

நம்பிக்கை 7: கெஸ்டுக்குள் வைத்த ரகசியம் ஹோஸ்டுக்குத் தெரியாது.

உண்மை: சுவர் கெஸ்டைத்தான் அடைக்கிறது, ஹோஸ்டை அடைக்கவில்லை. கெஸ்டின் முழு டிஸ்க்கும் ஹோஸ்டில் ஒரு பெரிய ஃபைல்தான். விடிஐ, விஎம்டிகே போன்ற வகைகளை 7-ஜிப் மாதிரியான இலவச மென்பொருளே திறந்து காட்டும். லேப்டாப் பறிபோனால் கெஸ்டின் பாஸ்வேர்டு மட்டும் காப்பாற்றாது. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருக்க வேண்டும். கிளிப்போர்டைப் பொதுவாக்கியிருந்தால் கசிவு மறு திசையிலும் நடக்கும்: ஹோஸ்டில் நீங்கள் காப்பி செய்த வங்கிப் பாஸ்வேர்டை, கெஸ்டில் ஓடும் எந்த மென்பொருளும் படிக்கலாம்.

நம்பிக்கை 8: விர்ச்சுவல் மெஷினின் சுவரை யாராலும் உடைக்க முடியாது.

உண்மை: உடைத்திருக்கிறார்கள். 2008-இல் விஎம்வேரின் ஷேர் ஃபோல்டர் வசதியில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஒரு ஃபோல்டரை ஷேர் செய்திருந்தாலும், அதைத் தாண்டி விண்டோஸ் ஹோஸ்டின் மற்ற ஃபைல்களையும் கெஸ்ட் எட்ட முடிந்தது. 2015-இல் வெளிவந்த 'வெனம்' ஓட்டை இருந்த இடம் இன்னும் வேடிக்கை: யாரும் பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவுக்கான நிரல்வரிகள். 2004 முதல் அங்கேயே கிடந்தது. 2025 மார்ச்சில் விஎம்வேருக்காக பிராட்காம் அவசரமாகச் சரிசெய்த மூன்று ஓட்டைகளை, தாக்குதல்காரர்கள் அதற்கு முன்பே பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்காகச் சுவரே வீண் என்று சொல்லிவிடவும் கூடாது. இத்தகைய ஓட்டைகள் அரிது. பயன்படுத்தத் தேர்ந்த கை வேண்டும். மென்பொருளை அப்டேட் செய்துவைப்பவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறையும். வீட்டிலும் கல்லூரியிலும் ஏற்படும் இழப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் நாமே திறந்துவைத்த ஷேர் ஃபோல்டரும் நெட்வொர்க்கும்தான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். படிக்கவும் பழகவும் என்றால், முழு டிரைவையும் கொடுக்காமல், கொடுக்கல் வாங்கலுக்கென்று ஒரே ஒரு ஃபோல்டரை உருவாக்கி அதை மட்டும் ஷேர் செய்யுங்கள். சந்தேகத்துக்குரிய ஃபைலைத் திறக்க என்றால், அதை உள்ளே கொண்டுபோன பிறகு ஷேர் ஃபோல்டரை நீக்குங்கள். கிளிப்போர்டையும் இழுத்துப் போடும் வசதியையும் அணையுங்கள். அமைப்புகளில் நெட்வொர்க் அடாப்டரின் 'கேபிள்' டிக்கை எடுத்துவிடுங்கள். கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, அதன்பின் ஃபைலைத் திறங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.