பிரேக் திரவமும் ஈரமும்

கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் பந்தயப் பாதை உள்ளது. அதில் விரையும் கார்கள் வளைவுதோறும் வேகம் தணிக்க வேண்டியிருப்பதால், பிரேக்குகள் ஆறுவதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. அவ்வெப்பம், பிரேக் ஆயில் என வழங்கும் திரவத்தையும் அடைகிறது.

மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது இத்திரவமே. திரவம் எளிதில் அமுங்காது, ஆவியோ அமுங்கும். ஆதலால் திரவம் கொதித்துக் குமிழிகள் தோன்றின், மிதி தரைவரை தாழ்ந்தும் வண்டி நில்லாது. ஊசியற்ற பீச்சுகுழல் இரண்டில் முறையே நீரும் காற்றும் நிரப்பி, வாயடைத்து அழுத்தி, ஆசிரியர்கள் இதனை விளக்கலாம்.

கிளைக்கால் வகைத் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரத்தின்படி, புதிய திரவத்தின் கொதிநிலை 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையலாகாது, ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அவ்வெல்லை 155 டிகிரியே. பந்தயத் திரவங்களிற் சில, புதிதாயிருக்கையில் 300 டிகிரியையும் கடப்பன. எனினும் அவையும் ஈரத்திற்கு விலக்கல்ல; ஆகவே அடிக்கடி மாற்றப்படுகின்றன.

எருத்தேன்பதி முதலிய எல்லைப்புற ஊர்களிலிருந்து வால்பாறை சென்று, 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆழியாறுக்கு இறங்கும் ஜீப்பிற்கும் இவ்விதியே பொருந்தும். ஆகையால், குறித்த காலத்தில் திரவத்தை மாற்றுக; நெடுநாள் திறந்திருந்த டப்பாவில் எஞ்சியதை ஊற்றற்க; இறக்கத்தில் தாழ்ந்த கியரில் செல்க.