கடலும் திருகாணியும்



மைசூரில் பயிலும் நமக்குக் கடல் வெகு தொலைவு. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில், கதவில் முடுக்கிய திருகாணி பல்லாண்டு கழித்தும் திருப்புளிக்கு இசைந்து சுழலும். நான் பிறந்த பாம்பனில் அப்படியன்று. சென்ற விடுமுறையில் சிற்றப்பாவின் படகு இயந்திரத்தில் மூடி ஒன்றைக் கழற்றப் போய், திருகாணியின் தலையை முறித்துவிட்டேன். படகு நான்கு நாள் கரையில் கிடந்தது. அந்த நான்கு நாளும் வருவாய் இல்லை. “படிச்ச பிள்ளை, ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதாப்பா?” என்றார் சிற்றப்பா. அவர் கேட்டது எத்துணைச் சரி என்பதைப் பின்னரே கற்றேன்.

திருகாணி இறுகுவது ஏன்? அந்த இயந்திரத்தின் உடல் அலுமினியம், திருகாணியோ எவர்சில்வர். இரு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் அலுமினியம் அரிக்கப்படுகிறது. அரிப்பில் விளையும் வெள்ளைப் பொடி, அழிந்த உலோகத்தைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே அது மரைகளுக்கிடையே ஆப்புப் போல் நெருக்குகிறது.

இவ்வுண்மையை உலகம் முன்பே கண்டது. 1761-இல் ஆங்கிலேயர் ‘அலார்ம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தில் செப்புத் தகடு போர்த்தினர். 1763-இல் சோதித்தபோது தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. சில மட்டும் அவ்வளவாகக் கெடவில்லை. அவற்றின் தலைக்கடியில் பழுப்புத் தாள் சிக்கி, இரும்பையும் செம்பையும் பிரித்து வைத்திருந்தது!

இனி, கழற்றும் முறை யாது? முதலில் தலையின் பள்ளத்திலுள்ள உப்பையும் வண்ணத்தையும் சுரண்டி, அதற்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுக்க வேண்டும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். மறுநாள் தலைமேல் மெல்லத் தட்டி, முதலில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்த வேண்டும். இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் பொடி உதிரும். அசையாவிடில் எண்ணெயைத் துடைத்து, பெட்ரோலை அப்பால் அகற்றி, திருகாணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம். 100 பாகை வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டர் நீளும். எவர்சில்வர் சுமார் 1.7 மட்டுமே. ஆதலால் துளை சற்று விரிந்து பிடி தளரும். தலை முறிந்தே போனால், நடுவில் குறியிட்டு, இடப்புறம் சுழலும் துளைக்கருவியால் குடைவதே வழி.

எனினும் கழற்றுவதைப் பற்றி எண்ண வேண்டிய நேரம், முடுக்கும் நேரமே. எவர்சில்வரில் 304 என்னும் வகை கடல் தெறிப்பில் குழிவிழும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகை மேலானது. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, ஆணி நொறுங்கும். மரப்படகுக்குச் சிலிக்கன் வெண்கலமே ஏற்றது. அலுமினியத்தில் எவர்சில்வரை முடுக்கினால் மரையில் நீர் புகாத மசகு தடவி, தலைக்கடியில் நைலான் வளையம் இடுக. ‘அலார்ம்’ கப்பலின் பழுப்புத் தாள் செய்த வேலையை அது செய்யும்.

1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எங்களூர்க்கு அருகே மண்டபத்தில் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து ஆராய்கிறது. பொறியியல் பயிலும் தோழர்கள் ஒருமுறை அப்பக்கம் வாருங்கள். சிற்றப்பாவின் படகையும் காட்டுகிறேன். அதன் திருகாணிகள் ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் இப்போது ஒரு நைலான் வளையம் இருக்கிறது.