குளியலறை வழியாக வந்த வெள்ளம்



2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த யாருக்கும் அந்த நாள் மறக்காது. ஷா ஆலம் செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கி, ஜனங்கள் மாடியிலும் கூரையிலும் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்போது நான் படிவம் ஐந்து. தண்ணீர் வடிந்ததும் கோயில் இளைஞர்களோடு வீடு கழுவப் போனேன். காலில் சிலிப்பர், அரைக்கால் சட்டை, கையுறை கிடையாது. கழுவிய கையோடு பொட்டலச் சாப்பாட்டையும் பிரித்துச் சாப்பிட்டோம். எல்லாரும் அதை "சேறு, சேறு" என்றுதான் சொன்னோம். அந்தத் தாமானின் அத்தனை கழிவறைகளும் அதில் கலந்திருந்தன என்று ஒருவருக்கும் தோணவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம். இரண்டு வருடம் கழித்து கிள்ளானில் என் தாய்மாமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வெளியே வெள்ளமே கிடையாது. இரண்டு மணி நேர மழை, அவ்வளவுதான். கீழ்க் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டை களக் களக் என்று சத்தம் போட்டது. பிறகு கறுப்புத் தண்ணீர் மேலே வந்து ஹால் வரைக்கும் பரவியது. மாமி வெறுங்காலோடு துடைப்பத்தால் தள்ளினார். மாமா ஓட்டைக்குள் கையை விட்டு அடைப்பைத் தேடினார். அவருக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு வேறு. இரவு பத்து மணிக்கெல்லாம் வீடு பளிச்சென்று ஆகிவிட்டது.

எட்டாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். கண் சிவந்து, கெண்டைக்கால் தொட முடியாத வலி. டெங்கி என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கிளினிக்கில் மாமி பேச்சுவாக்கில் "போன வாரம் சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சு டாக்டர்" என்று சொன்னார். டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ரத்தப் பரிசோதனையில் வந்தது லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிக்காய்ச்சல் என்று சொல்வது. ஒரு வாரம் வார்டில் இருந்து திரும்பினார்.

அந்த ஒரு வாக்கியத்தை மாமி சொல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்விக்காகத்தான்.

மழைக்கும் கழிவறைக்கும் என்ன சம்பந்தம்? நம் நாட்டில் மழைநீருக்கு ஒரு பாதை, கழிவறைக் கழிவுக்கு ஒரு பாதை. ரோட்டோரம் திறந்து கிடக்கும் லோங்காங் மழைக்கானது. கழிவறைக் குழாய் பூமிக்கடியில் மேன்ஹோல் வழியாகப் பொதுக் குழாயில் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. படத்தில் இரண்டும் கலக்காது. நடைமுறையில், விரிசல் விட்ட பழைய குழாய்களில் மழைநீர் இறங்கும். சமையலறையை நீட்டிக் கட்டும்போது சிலர் கூரைத் தண்ணீரையும் மேன்ஹோலுக்குத் திருப்பிவிடுகிறார்கள். பெருமழையில் குழாய் நிரம்பிவிட்டால், உள்ளே இருப்பது எந்தத் திறப்பு தாழ்வாக இருக்கிறதோ அந்த வழியாக வெளியே வரும். தெராஸ் வீட்டில் அது கீழ்க் குளியலறைத் தரைதான். போதாததற்கு, தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றுகிறோமே, அது ஆறியதும் குழாய்ச் சுவரில் களிம்பாக ஒட்டி வழியைக் குறுக்கிவிடும். (அம்மா இதைப் படிப்பார் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.)

அந்தத் தண்ணீரில் மனித மலத்தோடு வரும் டைபாய்டு கிருமி, மஞ்சள் காமாலையைத் தரும் ஹெப்படைடிஸ் ஏ, குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ், புழு முட்டைகள் எல்லாம் இருக்கலாம். இவை வாய் வழியாகப் போகின்றன. எலிக்காய்ச்சல் வேறு ரகம். சாக்கடையில் வாழும் எலியின் சிறுநீரிலிருந்து வரும் கிருமி சின்னக் கீறல் வழியாகவோ, கண்ணில் தெறித்த ஒரு துளி வழியாகவோ உடம்புக்குள் போய்விடும். காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும், 30 நாள்கூட ஆகலாம். ஹெப்படைடிஸ் ஏ தெரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் வீடு கழுவியதையே மறந்திருப்போம். அதனால்தான் சொல்கிறேன், கழிவுநீர் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். புண்ணோடு மிதித்தவர்கள் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த நம் வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, பாட்டி மஞ்சத்தண்ணி தெளிச்சாங்களே, போதாதா?" நல்ல கேள்வி. தெளிப்பதில் தப்பில்லை. ஆனால் கடைசியில் தெளியுங்கள். தீட்டுக் கழிவது வேறு, கிருமி சாவது வேறு. இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. தீட்டு என்று நாம் ஒதுங்கிக்கொண்டு, யாரோ ஒருவரை வெறுங்கையோடு அதில் இறக்குகிறோம். பிரிட்டிஷ் காலத்தில் இந்த ஊர்ச் சாக்கடைகளைக் கூட்டியவர்களில் நம் தாத்தா பாட்டிகள் ஏராளம். இன்று அந்த இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளி நிற்கிறார். 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிவறை நாறியபோது, அது எங்கள் வேலை இல்லை என்று தொண்டர்கள் சொல்ல, காந்தி துடைப்பம் கேட்டு வாங்கித் தானே சுத்தம் செய்தார். நாம் இறங்கினாலும் சரி, கூலிக்கு ஆள் வைத்தாலும் சரி, கையுறையும் பூட்ஸும் அந்த ஆளுக்கு வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வீட்டில் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது, குழாய் திறக்கக் கூடாது. நீங்கள் ஊற்றுவதும் அதே ஓட்டை வழியாகத்தான் திரும்பி வரும். தண்ணீர் பிளக் பாயிண்ட் பக்கம் போகும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே வேண்டாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்புங்கள். ரப்பர் பூட்ஸ், நீளமான ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி. மோட்டார் ஜெட் வேண்டாம், துளிகள் காற்றில் பறக்கும்.

அடுத்தது, பலர் தலைகீழாகச் செய்வது. எடுத்தவுடன் குளோராக்ஸ் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்று தீர்த்துவிடும். முதலில் கழிவை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகுதான் ப்ளீச், ஒரு கப்புக்கு ஒன்பது கப் தண்ணீர். பத்து நிமிடம் ஈரமாகவே விட்டுக் கழுவுங்கள். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கே. ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிவறை கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

நனைந்த மெத்தை, அரிசி மூட்டை இரண்டையும் தூக்கிப் போடுங்கள், மனசு கேட்காது என்றாலும். மாமா வீட்டில் சாமி மேடை தாழ்வாக இருந்தது. விபூதி, குங்குமம், திரி எல்லாம் போயிற்று. குத்துவிளக்கைப் போட மாமிக்கு மனசு வரவில்லை. போடவும் தேவையில்லை. பித்தளையை ப்ளீச் கறுக்க வைக்கும், அதனால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் வீரம் காட்டாதீர்கள். மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறங்காதீர்கள், தலையைக்கூட விடாதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் விழுவார். இந்தியாவில் மனிதரை இப்படி இறக்குவதற்கு எதிராக 2013-இல் சட்டமே வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது, 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, சாவு நிற்கவில்லை. யாராவது உள்ளே விழுந்தால் 999-க்கு அடித்து பொம்பாவைக் கூப்பிடுங்கள்.

பொதுக் குழாய் அடைத்திருந்தால் இண்டா வாட்டருக்குச் சொல்லலாம். வீட்டிலிருந்து பொதுக் குழாய் வரைக்கும் உள்ள பாகம் வீட்டுக்காரர் பொறுப்பு. மாமா வீட்டில் அந்தப் பாகத்தில், தண்ணீரைத் திரும்பி வர விடாத வால்வு ஒன்றைப் பிளம்பரை வைத்துப் பொருத்தினோம். கூரைத் தண்ணீர்க் குழாய் மேன்ஹோலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதையும் லோங்காங்குக்கு மாற்றினோம். வேலை முடிந்த அன்று மாமா டீ போட்டுக் கொடுத்தார். மாமி சாமி மேடையை இரண்டடி உயர்த்தச் சொல்லிவிட்டார்.